எந்தப் பக்கம் மேல்

சிவதாபுரத்தில் எனக்கு நாலு தெரு,
நூற்றுப் பத்து வீடு.
காய்ச்சல் கணக்கெடுக்கிற வேலை, நாள்கூலி.
வீட்டுக்கு இரண்டு நிமிடம் என்று ஓடினாலும்
மத்தியானச் சோறு மூன்று மணிக்கு மேல்தான்.
வாசலில் நின்று பேச வேண்டும், உட்காரக் கூடாது.

சீரங்கன் வீட்டில் தகரம் அடித்திருந்தார்கள்.
தகரத்தில் ஒட்டிய தாளில்
'இணைநோய் உள்ளோர் கவனத்திற்கு' என்றிருந்தது.
இணைநோய்னா என்னங்க, என்றாள் இந்திராணி.
கூடவே இருக்கிற வியாதி, என்றேன்.
அப்படின்னா நான்தான், என்று சிரித்தாள்.
உள்ளே அவரும் சிரித்து, இருமினார்.
சிரித்துக்கொண்டே நான்
'இல்லை' என்று எழுதிக்கொண்டேன்.
சர்க்கரை மாத்திரை அலமாரியில் இருந்திருக்கிறது.

கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைக்கிறவர்.
ஊதுகுழலை வாயில் வைத்தால்
கடுகளவு மணியின் மேல் தீ
ஊசி மாதிரி நிற்கும்.
தராசு அவள் பொறுப்பு.
மில்லி குறைந்தால் செவ்வாய்ப்பேட்டை வரை போய்ச் சண்டை போடுவாள்.
எழுபது டச்சா எண்பது டச்சா என்று
வெள்ளியை உரசாமலே சொல்வாள்.
எண் தெரியாதவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

விரலில் மாட்டும் மெஷினைக் கொடுத்தேன்.
பெரிய நம்பரைப் பாருங்க,
தொண்ணூத்தி நாலுக்கு மேல இருந்தா பயமில்ல,
தினம் காலையில போன் பண்ணிச் சொல்லுங்க.
இவ்வளவுதான் சொன்னேன்.

முதல் நாள் 96.
மறுநாள் 98. ஏறியிருக்குதுங்க, கஷாயம் கேக்குது போல.
மூன்றாம் நாளும் 98.
பேச்சை மட்டும் பாதியில நிறுத்தறாரு,
ஆனா நம்பர் நல்லாத்தான் இருக்குது.
நம்பர் நல்லா இருந்தா சரி, என்றேன்.
அடுத்த வீட்டுப் போன் காத்திருந்தது.

நாலாம் நாள் விடியலில் நகம் நீலம்.
பக்கத்து வீட்டுப் பையன் தகரத்தைப் பிரித்தான்.
பெரியாஸ்பத்திரி வாசலில்
மூன்று மணி நேரம் வண்டிக்குள்ளேயே.

மெஷினைத் திரும்ப வாங்கப் போனேன்.
கெட்ட மெஷின் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.
என் விரலில் மாட்டினேன்.
98.
எதிரே நின்று எட்டிப் பார்த்த இந்திராணி
எண்பத்தாறு, என்றாள்.

விரலைத் திருப்பினேன்.
அவள் தலையைச் சாய்த்தாள்.
எங்கே உட்கார்ந்து பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை,
அவளே காட்டினாள்:
கட்டிலின் கால்மாட்டில் ஒரு முக்காலி.

முதல் நாள் சரியாகத்தான் இருந்திருக்கும்.
96ஐ எப்படிப் பிடித்தாலும் 96.

தொண்ணூத்தி நாலுக்கு மேல என்றேனே தவிர
எந்தப் பக்கம் மேல் என்று சொல்லவில்லை.

எண்பத்தாறு டச்சுன்னா நல்ல வெள்ளிங்க,
என்றாள் அவள், மெஷினைப் பார்த்து.

நாற்பத்தோரு நாள் கழித்து அவர் வந்தார்.
ஒருநாள் ஊதுகுழலை எடுத்தார்.
தீ சாய்ந்தது, ஒருமுறை நிமிர்ந்தது,
அப்புறம் விளக்குத் தீயாகவே நின்றுவிட்டது.
இப்போது ஊதுவது அவள்.

பதிவேட்டில் என் கையெழுத்தில் இன்னும் 98, 98.
திருத்தணும் என்றேன் மேற்பார்வையாளரிடம்.
மாசக் கணக்கு அனுப்பியாச்சு, என்றார்.

நகப்பூச்சு வாங்கி எல்லா மெஷினிலும்
மேல்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன்.
பனங்காட்டில் முதல் வீடு, பேரு தங்காயி.
பொட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
சிவப்புன்னா ஆபத்துங்களா?

பின்னால் இன்னும் முப்பத்தெட்டு வீடு.
படியில் உட்கார்ந்தேன்.
இல்லக்கா, விரலைக் காட்டுங்க, என்றேன்.